அத்தியாயம் 7: சேவைக் கடையில் உங்கள் பங்கு

வீடுகளில் உபயோகமில்லாமல் கிடக்கும் துணி, பாத்திரம், பை, பொம்மை, புத்தகம் எல்லாவற்றையும் நன்கொடையாக வாங்கி, சரிபார்த்து, குறைந்த விலைக்கு விற்று, வரும் பணத்தை ஒரு நற்காரியத்துக்குக் கொடுப்பது சேவைக் கடை. அங்கே சம்பளமில்லாமல் வாரத்துக்குச் சில மணி நேரம் வேலை செய்ய விரும்புகிறவர்களுக்காக எழுதப்பட்டது இந்த அத்தியாயம். வடசென்னையில் உள்ள காலடிப்பேட்டையையும் அதைச் சுற்றியுள்ள திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, எண்ணூர் பகுதிகளையும் மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். விவரங்களைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் எந்த ஊருக்கும் பொருந்தும்.

இலவசமாகக் கொடுத்தால் என்ன?

புதிதாக வரும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. 2004 டிசம்பரில் சுனாமி அடித்த பிறகு நாகப்பட்டினம் பக்கம் சாலையோரங்களில் பழைய துணி குவிந்து கிடந்ததைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். லாரி லாரியாக வந்து இறங்கிய துணியை மீனவக் குடும்பங்கள் தொடவில்லை. வீடும் வலையும் படகும் போனவர்கள் முன்னால் பிறர் கழித்ததைக் கொட்டினால் யார் குனிந்து எடுப்பார்கள்?

கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டிய நிலையில் இருப்பவருக்கு நிறம் பிடிக்கவில்லை என்று சொல்ல வாய்ப்பில்லை. முப்பது ரூபாய் சீட்டு தொங்கும் சட்டையைப் பார்க்கிறவருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. எடுத்துப் பார்க்கலாம், போட்டுப் பார்க்கலாம், வேண்டாமென்று மாட்டிவிட்டுப் போகலாம். சேவைக் கடையில் விலை என்பது வருமானத்துக்காக மட்டும் வைப்பதல்ல. வாங்குபவரை வாடிக்கையாளராக்குவதும் அதுதான். இந்த அத்தியாயத்தில் சொல்லும் விதிகளெல்லாம் அந்த உரிமையைக் காப்பதற்காக ஏற்பட்டவை.

இந்த யோசனைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1902-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற போதகர், வசதியானவர்களின் வீடுகளில் பழைய பொருள்களைச் சேகரித்து, வேலையில்லாதவர்களைக் கொண்டு பழுது பார்த்து விற்றார். ‘குட்வில்’ அமைப்பு அதிலிருந்து வளர்ந்தது. பிரிட்டனில் 1942-இல் தொடங்கிய ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் ஆக்ஸ்ஃபோர்டின் பிராட் தெருவில் கடை திறந்துவிட்டது. சிங்கப்பூரில் மகளிர் அமைப்புகளின் மன்றம் நடத்தும் ‘நியூ டு யூ’ கடையின் வேலைகளைத் தன்னார்வலர்கள் பார்க்கிறார்கள்.

நம் நாட்டில் இதற்கு நெருக்கமான பெரிய முயற்சி, 1999-இல் டெல்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’. அவருக்கு 2015-இல் மகசேசே விருது கிடைத்தது. கூஞ்ச் துணியைத் தானமாக நீட்டுவதில்லை. கிராமத்து மக்கள் சேர்ந்து குளம் வெட்டுவார்கள், பாதை போடுவார்கள். அந்த உழைப்புக்கு மரியாதையாகப் பொருள் போய்ச் சேரும். வழி வேறு என்றாலும், வாங்குபவர் கையேந்தக் கூடாது என்ற எண்ணம் ஒன்றுதான். ஈரானில் பிறந்து 2017-இல் திருநெல்வேலிக்கு வந்த ‘அன்புச் சுவர்’ போன்ற ஏற்பாடுகளும் உண்டு. வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் பக்கத்தில் நின்று பிரித்து அடுக்க ஆளில்லாவிட்டால் எந்தச் சுவரும் சீக்கிரமே குப்பை கொட்டும் இடமாகிவிடும். அந்த ஆள் நீங்கள்.

உங்கள் வாடிக்கையாளர் யார்?

1717 முதல் 1720 வரை சென்னை கவர்னராக இருந்த ஜோசப் காலட் நெசவாளர்களைக் குடியேற்றிய ஊர் காலடிப்பேட்டை. இன்று ஊருக்குள் துணி வருவது பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலிருந்து. உங்கள் போட்டியும் அங்கேதான். புதுச் சட்டையே மலிவாகக் கிடைக்கும்போது பழையதை ஏன் வாங்க வேண்டும்? மலிவான புதுத் துணி நாலு துவைப்பில் வெளுத்துவிடும். உங்கள் ரேக்கில் இருக்கும் பழைய துணி அதைவிட நன்றாக உழைக்கும் என்றால்தான் கடைக்கு ஆள் வரும்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கடையில் ஈயாடும். ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள், மார்க்கெட் வியாபாரம் முடிந்த பெண்கள், பள்ளி விட்ட பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் தாய்மார்கள் என்று மாலை நாலிலிருந்து எட்டு வரைதான் கூட்டம். ஞாயிறு முழு நாளும் நடக்கும். காலை நேரம் மட்டும் வர முடிந்தவர்கள் பிரிக்கும் வேலைக்குப் பெயர் கொடுங்கள். கூச்சமில்லாமல் பேசக்கூடியவர்கள் மாலைக் கவுன்டருக்கு வாருங்கள். 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து, காலடிப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி வந்து உதவ நகரின் மறுபக்கத்து ஆட்களுக்கும் வழி பிறந்திருக்கிறது.

சேரும் முன் கேட்க வேண்டியவை

நடத்துவது பதிவு பெற்ற அறக்கட்டளையா, சங்கமா, கோயில் அல்லது தேவாலயக் குழுவா? லாபம் எங்கே போகிறது? அது கடை வாசலில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறதா? கடைக்கென்று தனிக் கணக்குப் புத்தகம் இருக்கிறதா? அறக்கட்டளை வியாபாரம் செய்தால் அதற்குத் தனிக் கணக்கு வைக்க வேண்டும் என்று வருமான வரிச் சட்டமே கேட்கிறது. கல்லாவில் எப்போதும் இரண்டு பேர் இருக்கிறார்களா? இந்தக் கேள்விகளை நேராகக் கேளுங்கள். தயங்காமல் பதில் சொல்கிற இடத்தில் சேருங்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு நேர்மை வேண்டும். செவ்வாய் மாலை என்று ஒப்புக்கொண்டால் செவ்வாய் மாலை வர வேண்டும். முடியாவிட்டால் முந்தின நாளே சொல்லிவிட வேண்டும். வாரம் மூன்று மணி நேரம் தவறாமல் வருகிறவரை நம்பி நேரப் பட்டியல் போடலாம். நினைத்தபோது நாள் முழுக்க இருப்பவரை நம்பிப் போட முடியாது.

வாங்கும் மேசை

பொருள் கொண்டு வருபவரிடம் முதலில் நன்றி சொல்லுங்கள், பிறகு மூட்டையைப் பிரியுங்கள். அவர் எதிரிலேயே பிரிப்பது நல்லது. எடுக்கக் கூடாத பொருள்களின் பட்டியலைப் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டியிருந்தால் பாதி சங்கடம் தீரும்:

- பயன்படுத்திய உள்ளாடை, மெத்தை, தலையணை
- மருந்து, திறந்த அழகுப் பொருள், குழந்தையின் பால் புட்டி
- பழைய ஹெல்மெட்: ஒருமுறை அடிபட்டிருந்தாலும் வெளியே தெரியாது
- சேஃப்டி வால்வு சரியில்லாத குக்கர், ஒயர் உரிந்த மின்சாதனம், கேஸ் சிலிண்டர்
- பில் இல்லாத செல்போன், பிரிக்காத பெட்டியோடு மொத்தமாக வரும் புதுச் சரக்கு

துறைமுகமும் கன்டெய்னர் லாரியும் நிறைந்த பகுதியில் கடைசி வரிக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத சரக்கு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் வேண்டாம். போனுக்கு பில் இருந்தாலும் *#06# அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்கு முன்னால் கேஒய்எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் போனின் நிலை தெரியும்.

மறுக்கும்போது பொருளைக் குறை சொல்லாதீர்கள். “துணி நல்லாத்தான்மா இருக்கு, ஆனா இங்க விக்காது. வேஸ்ட் துணியா எடுத்துக்கட்டுமா, திருப்பிக் கொடுத்துடட்டுமா?” என்று கேட்டால் போதும். இறந்தவருடைய துணியைக் கொண்டுவருபவர்கள் பெரும்பாலும் மடித்து, துவைத்துக் கொண்டுவருவார்கள். அவர்களிடம் அவசரப்படாதீர்கள். அந்த மூட்டையை மட்டும் அவர்கள் போன பிறகு பிரியுங்கள்.

சிலர் வரிச் சலுகைக்கு ரசீது கேட்பார்கள். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகை பணமாகத் தரும் நன்கொடைக்கு மட்டுமே, பொருளுக்குக் கிடையாது. வந்த பொருளின் பட்டியலோடு நன்றிச் சீட்டு கொடுக்கலாம். அதில் ரூபாய் மதிப்பு எழுதாதீர்கள்.

பிரித்தல்

வந்த துணியை அன்றே ரேக்கில் மாட்டக் கூடாது. பையின் வாயைக் கட்டி, தேதி எழுதி, ஒரு வாரம் தனியாக வையுங்கள். சிரங்குப் பூச்சி மனித உடம்பை விட்டு விலகினால் சில நாள்தான் தாங்கும். மூட்டைப்பூச்சி அப்படிச் சாகாது. தையலோரங்களில் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் அந்த மூட்டையைக் கடைக்குள் விடாதீர்கள்.

பிரிக்க உட்காரும்போது முதல் வேலை பாக்கெட்டைத் துழாவுவது. பணம், கம்மல், ஆதார் அட்டை, ஏடிஎம் கார்டு, போட்டோ, எல்லாமே வரும். கிடைத்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் காட்டி, நோட்டில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு, கொடுத்தவருக்குச் சொல்லி அனுப்புங்கள். தனியாக உட்கார்ந்து பிரிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் சந்தேகமல்ல. சந்தேகம் வராமல் உங்களைக் காப்பதுதான்.

பிறகு ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சட்டையில் காலர் மடிப்பும் அக்குளும். பேன்ட்டில் ஜிப்பும் தொடையிடுக்கும். ஜாக்கெட்டில் கொக்கியும் கைத் தையலும். புடவையில் மடிப்புக் கோடு, பார்டர், ஃபால்ஸ் தைத்த ஓரம். பட்டு மடித்த இடத்தில்தான் முதலில் விடும். ஜரிகை உண்மையானது என்று தோன்றினால் தெரிந்தவரிடம் காட்டாமல் விலை போடாதீர்கள். பழைய பட்டுப்புடவையை ஜரிகைக்காகவே வாங்குபவர்கள் இருக்கிறார்கள்; அது கடைக்கு நல்ல வருமானம்.

இந்தப் பகுதிக்கே உரிய ஒரு வகை, கம்பெனி யூனிஃபார்ம். தொழிற்சாலை, செக்யூரிட்டி, துறைமுக ஒப்பந்த நிறுவனங்களின் பெயர் பொறித்த சட்டைகளை அப்படியே விற்கக் கூடாது. அதைப் போட்டுக்கொண்டு யாரும் எந்த கேட்டுக்குள்ளும் நுழையப் பார்க்கலாம். பேட்ஜைப் பிரித்தால் தடம் தெரியாமல் போகுமானால் விற்கலாம். இல்லாவிட்டால் வேஸ்ட் மூட்டைதான். எண்ணெய் ஊறிய துணிக்கும் அதே இடம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் பக்கம் எண்ணெய் பரவியபோது, அந்தக் கறை துவைத்தால் போகிற கறையல்ல என்று இங்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

பார்த்து முடிந்ததை நாலாகப் பிரியுங்கள்: உடனே ரேக்குக்குப் போவது, தையல் வேலை உள்ளது, பருவத்துக்காக எடுத்து வைப்பது, வேஸ்ட். எங்கே போடுவது என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை உண்டு. இதை உங்கள் தங்கைக்குக் கொடுப்பீர்களா? தயங்கினால் வேஸ்ட் மூட்டையில் போடுங்கள்.

கடற்கரை ஈரத்தில் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். நன்றாகக் காயாத துணியை மூட்டை கட்டாதீர்கள். கீழ் ரேக் தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயரத்தில் இருக்கட்டும். மழை நாளில் தண்ணீர் எங்கே வரும் என்று தெருக்காரர்களைக் கேளுங்கள், சொல்வார்கள். குழந்தைத் துணியில் பாச்சை உருண்டை போடவே கூடாது. சில குழந்தைகளுக்கு அந்த வாடையே இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடும். காய்ந்த வேப்பிலை போதும்.

விலை போடுதல்

அதே பொருள் எம்.சி. ரோட்டில் புதிதாக என்ன விலை என்று பாருங்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாதீர்கள். 10, 20, 30, 50, 100 என்று சில்லறைத் தொல்லை இல்லாத விலையாக வையுங்கள். ஒவ்வொரு பொருளிலும் சீட்டு தொங்க வேண்டும். விலையைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கடையில், ஆளைப் பார்த்து விலை சொல்கிறார்கள் என்ற எண்ணம் வந்தே தீரும். சீட்டில் வந்த மாதத்தையும் எழுதுங்கள். இரண்டு மாதம் ஆகியும் போகாததைப் பாதி விலைப் பெட்டிக்கு மாற்றுங்கள்.

தன்னார்வலர்களும் வாங்கலாம், ஆனால் விதியோடு. பொருள் குறைந்தது இரண்டு நாள் ரேக்கில் இருந்திருக்க வேண்டும். விலையை வேறொருவர் போட்டிருக்க வேண்டும். பில்லையும் வேறொருவர் போட வேண்டும். நல்லதையெல்லாம் உள்ளே இருப்பவர்களே எடுத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சு ஒருமுறை கிளம்பினால் கடை எழுந்திருக்காது.

மொத்தமாக அள்ளிக்கொண்டு போய் வேறிடத்தில் விற்பவர்களும் வருவார்கள். அவர்கள் பிழைப்பு அது, கோபிக்க ஒன்றுமில்லை. ஆளுக்கு ஐந்து பீஸ் என்று வரம்பு எழுதி ஒட்டிவிட்டால் வாக்குவாதம் வராது.

கவுன்டரில்

“இன்னாக்கா, பழசுக்குப் போயி அம்பது ரூபாயா?” என்று கேட்கத்தான் செய்வார்கள். பேரம் பேசுவது அவமதிப்பல்ல, நம்மைக் கடையாக மதிக்கிறார்கள் என்று அர்த்தம். சிரித்துக்கொண்டே, “எல்லாருக்கும் ஒரே விலைதான்கா. மாசக் கடைசி ஞாயித்துக்கெழமை வாங்க, பாதி விலை” என்று சொல்லுங்கள். ஒருவருக்குக் குறைத்தால் முந்தின நாள் முழு விலை கொடுத்தவரை ஏமாற்றியதாகும்.

உண்மையிலேயே பணமில்லாதவர் வந்தால்? கடையில் வைத்து இலவசமாகக் கொடுக்காதீர்கள். பள்ளி ஆசிரியர், செவிலியர், சுயஉதவிக் குழுத் தலைவி போன்ற நம்பகமானவர்களிடம் நூறு, இருநூறு ரூபாய் டோக்கன்களை முன்கூட்டியே கொடுத்து வையுங்கள். டோக்கனோடு வருபவரும் மற்றவர்களைப் போலவே தேர்ந்தெடுத்து, பில் போட்டு வாங்கிப் போகலாம்.

கவுன்டரில் கேட்கக் கூடாத கேள்விகள்: யாருக்கு? என்ன கஷ்டம்? எத்தனை பிள்ளைகள்? சொல்லக் கூடாதது: இது யார் கொடுத்தது. வாங்குபவர்களைப் போட்டோ எடுக்காதீர்கள், ஆண்டறிக்கைக்குக்கூட வேண்டாம். அமைப்பின் பெயர் அச்சடித்த பையும் வேண்டாம். பிளாஸ்டிக் பை 2019-இலிருந்து தமிழ்நாட்டில் தடை. வேஸ்ட் புடவையில் தைத்த துணிப் பை இருக்க வேறெதற்கு? திரையும் கண்ணாடியும் உள்ள ஒரு மூலை துணி போட்டுப் பார்க்கக் கட்டாயம் வேண்டும்.

இன்னொரு சிக்கலை எந்த ஊர்க் கடையும் சந்திக்கும். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே தெரு. “இது என் புடவையாச்சே” என்று ஒரு வார்த்தை குழாயடியில் விழுந்தால் போதும், வாங்கியவர் திரும்ப வரமாட்டார். அதனால் அடையாளம் தெரியக்கூடிய புடவை, பட்டுப் பாவாடை, ஃபிராக் போன்றவற்றை வேறு பகுதிக் குழுவோடு மாற்றிக்கொள்ளுங்கள். காலடிப்பேட்டையில் வந்தது மயிலாப்பூரில் விற்கட்டும், அங்கே வந்தது இங்கே விற்கட்டும்.

கல்லா

காலையில் சில்லறையை எண்ணி எழுதுங்கள். ஒவ்வொரு விற்பனைக்கும் பில் போடுங்கள், பத்து ரூபாயானாலும் சரி. ஜிபே வசூல் அமைப்பின் வங்கிக் கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். “இப்போதைக்கு என் நம்பருக்குப் போடுங்க” என்பது ஒருநாளும் கூடாது. இரவில் இருவர் எண்ணி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஐந்து ரூபாய் குறைந்தாலும் குறைந்ததாகவே எழுதுங்கள், கைப்பணத்தைப் போட்டுச் சரிக்கட்டாதீர்கள். மாத வரவு, செலவு, கொடுத்த தொகை மூன்றையும் வாசல் பலகையில் எழுதுவது வாங்குபவருக்கும் கொடுத்தவருக்கும் நீங்கள் காட்டும் கணக்கு.

விற்காதது எங்கே போகும்?

வருவதெல்லாம் விற்காது. பருத்தி பனியன், வேட்டி, பழைய புடவை ஆகியவற்றை பட்டனும் ஜிப்பும் நீக்கி வெட்டினால், லாரி ஷெட்டுகளிலும் பட்டறைகளிலும் கை துடைக்க, மெஷின் துடைக்கக் கிலோ கணக்கில் வாங்குவார்கள். வடசென்னையில் அதற்கு ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. வெட்டி எடுத்த பட்டனும் ஜிப்பும் பக்கத்துத் தையற்கடைக்கு. இரும்பு, பித்தளை, புத்தகத்தில் மிஞ்சியது காயலாங்கடைக்கு. மின்சாதனக் கழிவைக் காயலாங்கடையில் போடாமல், அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். பாலியஸ்டர் கிழிசல்தான் தலைவலி. அதை வாங்கும் மேசையிலேயே மறுப்பதுதான் சுலபம்.

ஆண்டுக் காலண்டர்

ஜனவரி: போகிக்கு முன் வீட்டைக் கழிப்பார்கள். பத்து நாள் முன்னதாகவே தெருத்தெருவாகச் சொல்லி வையுங்கள். எரிய இருந்தது உங்களிடம் வரும். பிரிக்க இரட்டிப்பு ஆள் வேண்டும்.

ஏப்ரல்: பள்ளி முடிந்ததும் சிறுத்துப்போன தனியார் பள்ளி யூனிஃபார்ம், ஷூ, பை சேகரியுங்கள். அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை சீருடையை அரசே தருகிறது. தேவை பெரும்பாலும் தனியார் பள்ளிக் குடும்பங்களில்தான்.

ஜூன்: மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகை நம்பிய வீடுகளில் கையில் பணமில்லாத அந்த நேரத்தில்தான் பள்ளியும் திறக்கிறது. எடுத்து வைத்ததை ஜூன் முதல் வாரம் ரேக்கில் ஏற்றுங்கள். வேறு எந்த மாதத்தையும்விட இந்த மாதத்தில்தான் கடை அதிகம் பயன்படும்.

தீபாவளி: அந்த வாரம் யாரும் பழையது வாங்க மாட்டார்கள். கடையை மூடிவிட்டு ரேக்கைத் துடைத்து அடுக்குங்கள். பாத்திரமும் பொம்மையும் மட்டும் அதற்கு முந்தின வாரங்களில் போகும்.

மழைக்காலம்: போர்வை, ஸ்வெட்டர், குடை, ரெயின்கோட். வெள்ளம் வந்தால் பொது மூட்டை சேகரிக்கத் தொடங்காதீர்கள். எந்த அளவு, என்ன பொருள் என்று கேட்டு அதை மட்டும் அனுப்புங்கள்.

உங்கள் முதல் மாதம்

முதல் வாரம் பிரிக்கும் மேசையில் மட்டும் உட்காருங்கள். இரண்டாம் வாரம் விலை போடுபவருக்குப் பக்கத்தில் இருந்து கவனியுங்கள். மூன்றாம் வாரம் ரேக் அடுக்குங்கள். எதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கிறார்கள் என்று பாருங்கள், விலை பற்றிய பாடம் அதில் இருக்கிறது. நாலாம் வாரம் கவுன்டர்.

மாத முடிவில் வசூல் எவ்வளவு என்று மட்டும் பார்க்காதீர்கள். வாங்கியவர்களில் எத்தனை பேர் இரண்டாம் முறை வந்தார்கள் என்று கணக்கிடுங்கள். பிடிக்காததை உங்கள் முகத்துக்கு நேராகவே வேண்டாமென்று சொல்கிறார்களா என்று கவனியுங்கள். சொல்கிறார்கள் என்றால் கடை சரியாக நடக்கிறது. கூச்சத்தோடு எதையாவது எடுத்துக்கொண்டு வேகமாக வெளியேறுகிறார்கள் என்றால், விலை, பேச்சு, ரேக் மூன்றில் ஏதோ ஒன்று பிசகியிருக்கிறது. அடுத்த மாதக் கூட்டத்தில் முதலில் பேச வேண்டியது அதைத்தான்.